பூவரசுக்கு ஒரு பலகை

காட்டுக்குள் பலகை நடுவது கனகசுந்தரம் சேரின் பைத்தியம். கொழும்புத் திட்டப் புலமைப்பரிசிலில் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனவர், திரும்பி வரும்போது ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்களைக் கொண்டுவந்தார். அங்கே ஊரோரமாக விட்டுவைத்திருக்கும் இயற்கைக் காடுகளில் மரத்துக்கு மரம் பலகை வைத்திருக்கிறார்களாம். இது என்ன மரம், எந்தக் குருவி இதில் கூடு கட்டும், பட்டை ஏன் உரிகிறது என்று போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வாசிப்பார்களாம். கிண்ணியாவுக்கு அப்பால் எங்கள் வன இலாகாவின் பொறுப்பில் இருந்த கரடிவெட்டை ஒதுக்குக் காட்டிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

"எங்கட சனம் காட்டுக்குள்ள போறது விறகுக்கு, இல்லாட்டி இறைச்சிக்கு. பலகை வாசிக்க ஆர் சேர் போகப்போகினம்?" என்று கேட்டேன். மாவுத் தட்டுப்பாட்டில் பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நிற்கிற காலம் அது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"வாசிக்க ஒண்டு இருந்தால்தானே மாகிரட் வாசிக்கப் பழகுவினம். நீர் கீறும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

கீறுவது என் தொழில். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்த ஓர் அறையில், அதுவரை பாலங்களுக்கும் பங்களாக் கூரைகளுக்கும் படம் வரைந்துகொண்டிருந்தவள் நான். முதலில் முணுமுணுத்துக்கொண்டு தொடங்கிய வேலை, போகப் போக என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது. வெயில் நேரே விழுந்தால் எனாமல் பூச்சு ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும். ஆகவே பலகையைச் சரித்து வைக்க வேண்டும். யானை முதுகு தேய்க்க வரும். ஆகவே கால்கள் பாலை மரத்தில், ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். மூன்று மொழியும் ஒரே பலகையில் வர வேண்டும், ஒன்று மற்றதன் தலையில் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து குறைவாக இருக்க வேண்டும். காட்டுப் பாதையில் ஓர் ஆள் நிற்பது பீடி ஒன்று பற்றவைக்கிற நேரம்தான். அதற்குள் வாசித்து முடிகிற அளவுதான் எழுதலாம்.

இதைக் கனகசுந்தரம் சேருக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வீரை மரத்துக்கு ஒரு பக்கம், முதிரைக்கு ஒன்றரைப் பக்கம் என்று எழுதித் தருவார். நான் சிவப்புப் பென்சிலால் வெட்டி மூன்று வரியாக்குவேன். முகம் சுருங்கிப் போவார். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். அதனால்தான் அவரோடு இரண்டு பங்கு சண்டை போட எனக்கு முடிந்தது.

ஒரு பலகைக்கு மட்டும் அவரே மூன்று வரியில் எழுதிக்கொண்டு வந்தார். பாதை போடும்போது காட்டின் நடுவில், பாலையும் வீரையும் நெருங்கி நிற்கிற இடத்தில், தனியாக ஒரு பூவரசு நிற்பதைக் கண்டிருந்தார். பூவரசு கடற்கரை மரம். உப்பங்காற்று அடிக்கிற இடத்தில் நிற்கும், இல்லாவிட்டால் வீட்டு வேலியில் நிற்கும். அடர்ந்த காட்டுக்குள் அதற்கு என்ன வேலை என்று அவருக்கு இரவில் நித்திரை இல்லை. அடிமரத்தை அளந்து வயதைக் கணக்குப் பார்த்தார். ஒன்பது, பத்து வருஷம் வந்தது. அப்படியே துள்ளிக் குதித்தார்.

"அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி, மாகிரட். அண்டைக்குக் கடலும் களப்பும் பொங்கி இந்தப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறினது. பூவரசங் கொட்டை மிதக்கும். கடல் கொண்டுவந்து காட்டுக்குள்ள நட்டுப்போட்டுப் போயிருக்கு. இப்படி ஒண்டு வேற எங்கயும் பாக்கேலாது."

அவர் எழுதியது இது:

பூவரசு. கடற்கரை மரம். 1964ஆம் ஆண்டுச் சூறாவளியின் வெள்ளம் இதன் விதையை இங்கே சேர்த்தது. மனிதர் கை படாமல் வளர்ந்தது.

நல்ல பலகை. சிவப்புப் பென்சிலுக்கு அதில் வேலை இருக்கவில்லை. ஆனால் கொழும்பிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்த பிறகே அதை நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இயற்கைக் காடு என்று பலகை வைத்தால் அங்கே நட்டு வளர்த்த மரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முன்பு காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்தவர்கள் விட்டுப்போன மாமரங்களை, காய்க்கிற பருவத்தில், கனகசுந்தரம் சேரே கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவித்தவர். பூவரசு வெள்ளத்தில் வந்ததென்றால் நிற்கும். யாராவது நட்டதென்றால் வேரோடு எடுக்க வேண்டும். அதிகாரி வருவதற்கு முன் குழிகளையாவது தோண்டி வைப்போம் என்று நாங்கள் புறப்பட்டோம்.

பாதைப் படகில் கிண்ணியாவுக்குக் கடந்து, அங்கிருந்து ஜீப்பில் போய், பிறகு நடக்க வேண்டும். குழி தோண்டுவதற்கு முஹம்மது தம்பி என்பவரைப் பிடித்திருந்தார்கள். கிண்ணியா மனிதர், நாற்பதைத் தாண்டியவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். காலையிலிருந்து நான் முளை அடித்துக் காட்டிய இடங்களிலெல்லாம் சுத்தமாகத் தோண்டிக்கொண்டு வந்தார். பூவரசடிக்கு வந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மரத்துக்குச் சற்று முன்னால், பார்க்கிறவர் கண்ணுக்கு மரமும் பலகையும் சேர்ந்து விழுகிற மாதிரி, நான் இரண்டு முளைகள் அடித்திருந்தேன்.

"இதில தோண்டுங்கோ நானா" என்று, அவர்கள் வழக்கில் அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

"இதில ஏலாது."

"ஏன் ஏலாது? கல்லா?"

"கல்லில்ல. இதில ஏலாது."

கனகசுந்தரம் சேர் அடுத்த வளைவில் ஏதோ குருவியைத் தேடிக்கொண்டு நின்றார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எனக்கு மூக்கின் மேல் கோபம். அரைநாள் அளந்து வைத்த இடத்தைக் காரணம் சொல்லாமல் மாட்டேன் என்கிறாரே என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். கூலி வேண்டாமென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றுகூடச் சொன்னேன். அவர் போகவில்லை. பாதையின் மறுபக்கம் போய்க் குந்திக்கொண்டார்.

மத்தியானம் அவருடைய மனைவி ஸாலிஹா எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும். பூவரசைக் கண்டதும் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்து, முக்காட்டைச் சரி செய்து, உதடு அசைய ஏதோ ஓதினாள். பிறகுதான் என் முளைகள் அவள் கண்ணில் பட்டன. கணவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நேரே என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இவர்ல கோபப்படாதீங்க தங்கச்சி. அதுக்குக் கீழ எங்கட மகன் இருக்கான்."

என் வாயிலேயே நான் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முளைகளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய் இருத்தி, சுருக்கமாகத்தான் சொன்னாள்.

சூறாவளி அடித்த அந்த மார்கழியில் முஹம்மது தம்பி இந்தக் காட்டில் சேனை வெட்டிக் குரக்கன் விதைத்திருந்தார். ஸாலிஹா பிள்ளைப்பேற்றுக்குக் கிண்ணியாவில் தாய் வீட்டில் இருந்தாள். மூத்தவன் ஸுஹைருக்கு நாலு வயது, வாப்பாவை விட்டு இருக்க மாட்டான். பன்றிக் காவலுக்குப் போனவரோடு அவனும் போய்விட்டான். சூறாவளி இரவில் குடிலின் மேல் மரம் விழுந்தது. விடிந்தபோது சுற்றிலும் வெள்ளம். ஊருக்குத் தூக்கிப் போக வழியில்லை. மேடாக இருந்த இந்த இடத்தில் தகப்பனே கபுறு தோண்டி அடக்கினார்.

"கபன் துணி இல்லையே. அவர்ட சாரத்தைக் கிழிச்சுச் சுத்தினாராம். தொழுவிக்க ஆளில்ல, தனிய நிண்டு தொழுதாராம். தலைமாட்டில பச்சைக் கம்பு ஒண்டு நடுறது எங்கட வழக்கம். கம்பு பச்சையா இருக்கு மட்டும் மையத்துக்கு லேசா இருக்குமெண்டு சொல்லுவாங்க. சேனைக்கு வேலி போட ஊரிலிருந்து கொண்டு வந்த பூவரசங் கதியால் கம்புகள்ல ஒண்டு வெள்ளத்தில போகாமக் கிடந்திச்சு. அதைத்தான் நட்டார்."

தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கபுறுக்கு அடையாளமாகப் பிறகு நட்ட மீசான் கட்டைகளைக் கறையான் தின்றுவிட்டதாம். கதியால் மட்டும் வேர் பிடித்தது.

"வெள்ளம் வத்தி, பிள்ளை பெத்த தீட்டுக் கழிஞ்சு நான் வந்து பாக்கேக்க, அது துளிர்த்திருந்திச்சு. என்ட பிள்ளைட மையத்து முகத்தை நான் காணல்ல தங்கச்சி. அந்தத் துளிரைத்தான் கண்டேன்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு மரவள்ளிக்கிழங்கு இறங்கவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன், கொழும்பு அதிகாரி வரப்போவதையும், யாராவது நட்டது என்று தெரிந்தால் மரத்தை எடுத்துவிடுவார்கள் என்பதையும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வரைபடத்தை விரித்து வாசித்தேன். முஹம்மது தம்பியும் எழுந்து வந்து பக்கத்தில் நின்று கேட்டார்.

"கடைசி வரியைத் திருப்பி வாசிங்க" என்றார்.

"மனிதர் கை படாமல் வளர்ந்தது."

"கை படாமயா?" என்றார். தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

ஸாலிஹா அவரை முந்திக்கொண்டாள். "அப்படியே எழுதுங்க தங்கச்சி. வெள்ளம் கொண்டு வந்ததெண்டே எழுதுங்க. எனக்குப் பலகை வேணாம், மரம்தான் வேணும்."

"நான் பொய் சொல்ல மாட்டன்" என்றார் முஹம்மது தம்பி. "கேட்டாங்கெண்டா நட்டனான் எண்டுதான் சொல்லுவன். அவனுக்கு ஒழுங்கா ஒண்டும் செய்யக் கிடைக்கல்ல. துணியில்ல, ஆக்களில்ல. என் கையால செஞ்சது அந்தக் கம்பு ஒண்டுதான். அதையும் கடல் செஞ்சதெண்டு சொல்லச் சொல்றியா?"

"வெட்டிப்போட்டா என்னத்தைப் பாக்கப் போறேன்?" என்று ஸாலிஹா கேட்டாள்.

இருவரில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யை எழுதி அதற்கு அழகாகக் கரை கட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. கனகசுந்தரம் சேரிடம் போய் உடைத்துச் சொல்லிவிடுவோமா என்றும் யோசித்தேன். நல்ல மனிதர்தான், அழுதும் விடுவார். ஆனால் சட்டத்தை மீறத் தெரியாதவர். அழுதுகொண்டே மேலிடத்துக்கு அறிவிப்பார், மரத்தையும் எடுப்பார், கபுறைத் தோண்டி ஊர் மையவாடிக்கு மாற்ற அனுமதி கேட்டு அலைவார். தோண்டினால் அங்கே என்ன இருக்கப்போகிறது? ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

என் கையில் இருந்ததை மட்டும் செய்தேன். பலகையைப் பாதையின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். மரத்தைச் சுற்றி, ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தாராளமாக இடம் விட்டு, தாழ்ந்த வேலி ஒன்று கீறினேன். பலகையின் அடியில் சிறிய எழுத்தில், "வேர்களைக் காப்போம். வேலிக்குள் மிதிக்க வேண்டாம்" என்று போட்டேன்.

"பூவரசின்ர வேர் அப்படி ஒண்டும் நொய்ததில்லையே" என்றார் சேர்.

"வேலி இல்லாட்டிப் பலகையும் இல்லை. வேற ஆளைக் கொண்டு கீறுவியுங்கோ" என்றேன்.

அவர் கையை விரித்துவிட்டு ஒப்பமிட்டார்.

அதிகாரி மாசி மாதத்தில் வந்தார். சிங்களவர், வயதானவர், செடிகொடிகளை நன்றாக அறிந்தவர். தமிழ் தெரியாததால் எங்களோடு ஆங்கிலத்தில் பேசினார். குதர்க்கமானவர் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்று முழுவதும் வாசித்தார். எழுத்தின் அளவைப் பாராட்டினார். கனகசுந்தரம் சேருக்கு நிலத்தில் கால் பாவவில்லை. முஹம்மது தம்பி கத்தியோடு முன்னால் போய்ப் பாதையில் விழுந்த கொப்புகளை விலக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு வேறு ஆளைப் போடும்படி நான் சாடையாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். நான்தான் வருவேன் என்று அவரே வந்து நின்றார்.

பூவரசின் முன் அதிகாரி நெடுநேரம் நின்றார். வேலிக்கு வெளியே நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். மரம் அப்போது பூத்திருந்தது. மஞ்சள் பூக்கள் சில பழுத்துச் சிவந்து கீழே விழுந்து கிடந்தன.

"உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது" என்று சேரிடம் சொன்னார். "உண்மையென்றால் நான் இதைக் கொழும்பில் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் பூவரசை எங்கள் சனம் வேலிக்கு நடுகிறார்கள். இந்தப் பக்கத்து ஆள் யாராவது இருக்கிறாரா?"

"இவர் கிண்ணியாதான்" என்று சேர் முஹம்மது தம்பியைக் கூப்பிட்டார். கேள்வியைக் கேட்கவும் வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டித் தடுத்தார்.

"நீங்கள் கேட்டால் உங்களுக்கு வேண்டிய பதில்தான் வரும். மிஸ் கேட்கட்டும்."

முஹம்மது தம்பி தமிழில் உண்மையைச் சொன்னாலும் நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லிவிடலாம், அந்தப் பாவத்தை நானே சுமக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் பக்கத்தில் கனகசுந்தரம் சேர் நிற்கிறார். தமிழ் அவர் காதில் விழாதா?

"முஹம்மது தம்பி நானா" என்றேன். "இந்த மரத்தை ஆராவது நட்டவங்களா எண்டு ஐயா கேக்கிறார்."

அவர் மரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பயப்படாமச் சொல்லும்" என்றார் சேர்.

"இல்ல" என்றார். "ஆரும் நடல்ல. தானா வந்த மரம்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வேலையை முழுதாகச் செய்கிறவர் அவர்.

"முன்பு இந்த இடத்தில் சேனை இருந்ததா, இவருக்கு இங்கே ஏதாவது இருந்ததா என்றும் கேளுங்கள். பிறகு யாரும் உரிமை கேட்டு வரக் கூடாது."

கேட்டேன்.

"சேனை அங்கால, ஆத்தோரம்" என்றார் முஹம்மது தம்பி. "இந்த இடத்துக்கு நான் வந்ததேயில்ல. எனக்கு இங்க ஒண்டும் இல்ல."

அதையும் சொன்னேன். அதிகாரி சேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பலகையை நடலாம் என்றார். இருவரும் பேசிக்கொண்டே அடுத்த வளைவுக்குப் போனார்கள். முஹம்மது தம்பி பாதையின் மறுபக்கம் போய், நான் மாற்றி அடித்திருந்த முளைகளின் இடத்தில் குழி தோண்டத் தொடங்கினார். தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டினார். போதும் நானா என்று நான் சொல்லும் வரைக்கும் நிறுத்தவில்லை.

காட்டின் வாசலில் ஸாலிஹா சாப்பாட்டுக் கூடையோடு காத்திருந்தாள். அதிகாரியும் சேரும் முதலில் சாப்பிட்டுவிட்டு ஜீப்படிக்குப் போகும் வரை ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"மரம் நிக்கட்டாமா?"

"நிக்கட்டாம், ராத்தா."

அவள் முகத்தை முக்காட்டுக்குள் மூடிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்து, மரவள்ளிக்கிழங்கை இலையில் வைத்துக் கணவனுக்குக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மண் ஒட்டிய கைகளை முழங்காலில் வைத்து, தலையைக் குனிந்து இருந்தார்.

"சாப்பிடுங்க" என்றாள். "நீங்க சொன்னது நல்லதுக்குத்தானே. அல்லாஹ் மன்னிப்பான். ஒரு மரத்துக்காகச் சொன்ன பொய்தானே."

"மரத்தை மட்டும் கேக்கல்ல ஸாலிஹா" என்றார் அவர். "இங்க உனக்கு ஏதாவது இருக்கா எண்டும் கேட்டாங்க. எனக்கு இங்க ஒண்டும் இல்லையெண்டு சொல்லிட்டு வாறன். அவனுக்குப் பக்கத்தில நிண்டு சொன்னேன்."

ஸாலிஹா இலையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் ஜீப்பை நோக்கி நடந்தேன்.